2 வயதுக் குழந்தைக்குக் கொசு கிரீம் ஒத்துக்கொள்ளவில்லை, வேறு என்ன போடலாம்?

பள்ளிக்கரணையில், சதுப்புநிலத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறோம். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து கொசு தாங்கவில்லை, தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு. மகளுக்கு 2 வயது 3 மாதம். தோலில் லேசாகக் கரப்பான் (எக்ஸிமா) உண்டு. ராத்திரிக்கு வலை இருக்கிறது. ஆனால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் அல்லவா கடிக்கிறது? பகலெல்லாம் இவளுக்கு வாசலில்தான் விளையாட்டு.

முதலில் சட்டையில் ஒட்டும் சிட்ரோனெல்லா ஸ்டிக்கர். மணம் கமகமவென்று இருந்தது, கொசு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கடித்தது. அப்புறம் மாமியார் சொன்னபடி தேங்காயெண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்து தடவினோம். அரை மணி நேரம் தாங்கியது.

போன வாரம் மருந்துக்கடையில் 12 சதவீத டைஎதில் பென்சமைடு என்ற கொசு விரட்டி மருந்துள்ள கிரீம் வாங்கினேன். கொசு அண்டவில்லை, சரி. மூன்றாம் நாள் இரண்டு முழங்கை மடிப்பிலும் சிவந்து, பொரிப்பொரியாகத் தடித்துவிட்டது. கழுவி நிறுத்தியதும் இரண்டு நாளில் அடங்கியது. உள்ளங்கை, கண், வாய்ப் பக்கம் தடவவே இல்லை.

லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் 3 வயதுக்குள் கூடாது என்பதால் விட்டுவிட்டேன். டீட் (DEET) என்ற கொசு விரட்டி மருந்தை 2 மாதம் தாண்டிய குழந்தைகளுக்கு 30 சதவீதம் வரை போடலாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு. இருந்தாலும் இந்தத் தடிப்பைப் பார்த்தபின் கை வரவில்லை. பிக்காரிடின் என்ற இன்னொரு கொசு விரட்டி மருந்து தோலை அவ்வளவாக உறுத்தாதாம்.

கரப்பான் உள்ள சின்னக் குழந்தைக்குப் பிக்காரிடின் போட்டுப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: தோல் ஒத்துக்கொண்டதா?