விசிறி ஒருமுறை துடித்து நின்றுவிடுகிறது: பரணிலிருந்து இறக்கிய 486 கணினியை எழுப்ப வழி உண்டா?

குடந்தை அச்சகத்தார் கேட்டது:

வணக்கம். கும்பகோணத்தில் என் தந்தையார் நடத்திய சிறிய அச்சகத்தில் 1995-ஆம் ஆண்டு வாங்கிய, 486 டிஎக்ஸ்2 செயலி உள்ள கணினி, 2006-இல் அச்சகத்தை மூடிய பிறகு எங்கள் ஓட்டு வீட்டுப் பரணிலேயே இருந்தது. 2004 மகாமகத்தை ஒட்டி அவர் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் கட்டிய வெளியீடுகளும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் திருமண, கும்பாபிஷேக அழைப்பிதழ்களும் அதில்தான் உள்ளன. அவர் பயன்படுத்திய தமிழ் எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முந்தையவை என்பதால், அந்தப் பக்கங்களை அந்தக் கணினியிலேயே திறந்து பார்க்க விரும்புகிறேன்.

சென்ற வாரம் தூசு தட்டி மின்சாரம் கொடுத்தேன். முன்புறப் பொத்தானை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ்ஸின் (கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியின்) விசிறி கால் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. திரை இருண்டே இருக்கிறது. ஸ்பீக்கரில் ஒலி இல்லை. மாலையில் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் எங்கள் பகுதியில் மின்னழுத்தம் 190 வோல்ட் வரை இறங்கும் என்பதால், காலையில் 225 வோல்ட் இருந்தபோதும் சோதித்தேன், மாற்றமில்லை. பழுது பார்க்கும் கடையில் காட்டியபோது, போர்டு போய்விட்டது, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்றார்கள். மனம் ஒப்பவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

நாகை மின்பணியாளர் எழுதியது:

ஐயா, முதலில் ஒரு வேண்டுகோள். ஹார்ட் டிஸ்க்கின் பவர் இணைப்பையும் ரிப்பன் கேபிளையும் இன்றே கழற்றிவிடுங்கள். அளந்து பார்க்காத மின்சாரம் அந்த டிஸ்க்குக்குப் போகவே கூடாது. கணினியின் மற்ற எல்லாப் பாகங்களுக்கும் மாற்று கிடைக்கும், அதற்குக் கிடைக்காது.

விசிறி துடித்து நிற்பது எஸ்எம்பிஎஸ் செத்துவிட்டதன் அறிகுறி அன்று. செத்த எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தத் துடிப்பே வராது. உள்ளே மின்மாற்றம் தொடங்குகிறது, 5, 12 வோல்ட் போன்ற ஏதோ ஒரு வோல்டேஜ் வரிசையில் ஷார்ட் இருப்பது தெரிகிறது, உடனே அது தன்னை நிறுத்திக்கொள்கிறது என்பதே பெரும்பாலும் இதற்குப் பொருள். ஆகவே குறை எஸ்எம்பிஎஸ்ஸிலா, போர்டிலா என்று பிரித்தறிய வேண்டும்.

மதர்போர்டில் பி8, பி9 என்று இரண்டு இணைப்பிகள் பக்கம் பக்கமாகச் செருகப்பட்டிருக்கும். இரண்டையும் உருவிவிடுங்கள். ஆனால் எதுவும் இணைக்காமல் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் போட்டுப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அக்கால ஏடி வகை (ஏடிஎக்ஸுக்கு முந்தைய வகை) எஸ்எம்பிஎஸ்கள் குறைந்த அளவு சுமையாவது இல்லாமல் நிலையாக ஓடாது, நல்லதுகூட இதே போல் துடித்து நிற்கும். இருசக்கர வாகனக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை டிஸ்க் இணைப்பியின் சிவப்புக்கும் கருப்புக்கும் இடையே இணையுங்கள். 5 வோல்ட்டில் அது மங்கலாக எரிந்து, ஏறத்தாழ 1 ஆம்பியர் இழுக்கும். இப்போது விசிறி தொடர்ந்து சுற்றினால், மல்டிமீட்டரில் சிவப்பு 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள்ளும், மஞ்சள் 12 வோல்ட்டை ஒட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். பி8-இன் முதல் கம்பியான ஆரஞ்சு நிறக் கம்பியையும் அளக்க மறக்காதீர்கள். அது பவர் குட் சமிக்ஞை. அதில் 5 வோல்ட் வராதவரை செயலியை போர்டு ரீசெட்டிலேயே பிடித்து வைத்திருக்கும்.

எஸ்எம்பிஎஸ் நன்றாக இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கார்டுகளையெல்லாம் கழற்றிய போர்டில், 5 வோல்ட் முனைக்கும் கருப்புக்கும், 12 வோல்ட் முனைக்கும் கருப்புக்கும் இடையே எத்தனை ஓம் என்று அளந்து எழுதுங்கள். 12 வோல்ட்டில் ஓரிரு ஓம் மட்டுமே காட்டினால், கார்டுகளைச் செருகும் ஐஎஸ்ஏ ஸ்லாட்டுகளின் அருகே மஞ்சள் நிற நீர்த்துளி போல் நிற்கும் டான்டலம் கெப்பாசிட்டர்களில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கும். நெடுநாள் கிடந்த பலகைகளில் நான் அடிக்கடி காணும் குறை இது. மாற்றும்போது கவனம் தேவை: சாதாரண எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரில் கோடு போட்ட கால் நெகட்டிவ், டான்டலத்தில் கோடு போட்ட கால் பாசிட்டிவ்.

திருவாரூர்ப் பயனர் எழுதியது:

மேலே சொன்ன முறை சரியானது; ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட செய்தி ஒன்று விடுபட்டிருக்கிறது. ஏடி வகைக் கணினியின் முன்புறப் பொத்தானுக்கு வரும் நான்கு கம்பிகளில் ஓடுவது நேரடியான 230 வோல்ட். பிற்கால ஏடிஎக்ஸ் கணினிகளில் இருப்பது போன்ற குறைந்த மின்னழுத்தப் பொத்தான் இதில் இல்லை. அந்த முனைகளின் மேல் உள்ள உறை பரண் சூட்டில் உடைந்திருக்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் சேர்ந்து 325 வோல்ட் டிசி வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பின்பும் சிறிது நேரம் தங்கும். பி8, பி9-ஐத் திரும்பச் செருகும்போது கருப்புக் கம்பிகள் நான்கும் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும். இடம் மாறினால் போர்டு அந்த நொடியே போய்விடும்.

பின்புறம் 115, 230 என்ற சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது 230-இல்தான் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போடுங்கள். பெட்டியைத் தொட்டால் சுரீரென்று உணர்ந்தால் வீட்டு எர்த் சரியில்லை என்று பொருள். அதைச் சீராக்கிய பிறகே மேற்கொண்டு சோதியுங்கள்.

மன்னார்குடி ஆசிரியர் எழுதியது:

486 போர்டுகள் பலவற்றில் சிறு பீப்பாய் வடிவ 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கும். கசிந்து, பச்சையும் நீலமுமாகப் பூத்து, கீபோர்டு இணைப்பியின் பக்கத்திலுள்ள செப்புத் தடங்களை அரித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரம் ஏறிய பரணில் இத்தனை ஆண்டுகள் இருந்ததால், அதை வெட்டி எடுத்துவிடுங்கள். கசிவு காரத்தன்மை உடையது. வினிகரில் நனைத்த தூரிகையால் தேய்த்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். அதே இடத்தில் சாதாரண 3 வோல்ட் பட்டன் செல்லை வைத்துவிடக் கூடாது. போர்டு அதைச் சார்ஜ் செய்ய முயலும். இடையில், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு டயோடு அவசியம்.

பேட்டரி போனதால் டிஸ்க்கின் அமைப்பைச் சொல்லும் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை, கணினியைத் தொடக்கும் நிரலான பயாஸ் மறந்திருக்கும். டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் அவை இருக்கும். இப்போதே படமெடுத்து வையுங்கள். எண்கள் தவறினால் கோப்புகள் அழிந்துவிட்டது போலத் தோன்றும். அப்போது எவர் சொன்னாலும் பார்மட் கொடுத்துவிடாதீர்கள். இந்த டிஸ்க்கின் ரிப்பன் கேபிளைச் செருகும் ஐடிஇ போர்ட் உள்ள வேறொரு கணினியில் டிஸ்க்கை இணைத்து முழுப் படி ஒன்று எடுத்துவிட்டால் கவலையின்றி வேலை பார்க்கலாம்.

குடந்தை அச்சகத்தார் எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. பல்பை இணைத்ததும் விசிறி நிற்காமல் சுற்றியது, சிவப்பில் 5.06, மஞ்சளில் 11.9 வோல்ட். போர்டில் 12 வோல்ட் முனை 0.8 ஓம் காட்டியது. முதல் ஐஎஸ்ஏ ஸ்லாட்டின் அருகே இருந்த 10 மைக்ரோபாரட், 16 வோல்ட் டான்டலத்தின் ஒரு காலை வெட்டியவுடன் ஷார்ட் மறைந்தது. தஞ்சாவூரில் 35 வோல்ட் உடையது கிடைத்தது, அதைப் பற்றவைத்தேன். பேட்டரி கசிந்துதான் இருந்தது; தடங்கள் தப்பியிருந்தன.

டிஸ்க்கை நண்பர் வீட்டுப் பழைய கணினியில் படி எடுத்த பிறகே இதில் பொருத்தினேன். நேற்று மாலை விண்டோஸ் வந்தது. மகாமக வெளியீட்டின் முதல் பக்கம், தந்தையார் விட்ட இடத்தில் விட்டபடியே திறந்தது. ஆனால் காலையில் போட்டால் திரை வருவதில்லை. ரீசெட் பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கிறது. பத்து நிமிடம் ஓடிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

நாகை மின்பணியாளர் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி ஐயா. நீங்கள் சொல்வது எஸ்எம்பிஎஸ்ஸின் வெளியீட்டுப் பக்க எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் வற்றியதன் அடையாளமாகத் தெரிகிறது. குளிர்ந்த நிலையில் அவற்றின் உள்தடை கூடுவதால், 5 வோல்ட் சீராகும் முன்பே பவர் குட் வந்துவிடுகிறது, செயலி தடுமாறுகிறது. ரீசெட் அழுத்துவதற்குள் வோல்டேஜ் நிலைபெற்றுவிடுவதால் எழுந்துகொள்கிறது. மார்கழியில் இது இன்னும் மோசமாகும். அதுவரை காத்திராமல், எஸ்எம்பிஎஸ் வேலை அறிந்தவரிடம் கொடுத்து, 105 டிகிரி தாங்கும், உள்தடை குறைந்த கெப்பாசிட்டர்களாக மாற்றச் சொல்லுங்கள். அது முடியும்வரை டிஸ்க்கை இணைத்து இயக்க வேண்டாம்.