“இது எந்த மீனு மிஸ்?”: இங்கிலீஷ் கற்கும் சின்னப் பிள்ளைகளோடு நம் அனுபவங்கள்

தண்டையார்பேட்டை ஆசிரியை:

மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் 17 வருடமாக வேலை பார்க்கிறேன். இப்போது ஆங்கில வழி இரண்டாம் வகுப்பு. அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தது 2012-13 கல்வியாண்டு முதல். பிரிவு வந்துவிட்டது, ஆனால் உள்ளே வந்து உட்காரும் பிள்ளையின் வீட்டில் ஒருவருக்கும் இங்கிலீஷ் பேசிப் பழக்கமில்லை. அந்தப் பிள்ளைகளோடு உங்களுக்கு நேர்ந்ததை இங்கே எழுதுங்கள். முதலில் நான் சொல்கிறேன்.

மூன்று வருடம் முன்பு என் வகுப்பில் காசிமேட்டுப் பாப்பா ஒருத்தி இருந்தாள். அப்பா விசைப்படகில் போகிறவர், அம்மா தெருத்தெருவாக மீன் விற்கிறவர். ஜூனில் சேர்ந்தவள் ஆயுத பூஜை லீவு வரைக்கும் இங்கிலீஷ் பீரியடில் வாயே திறக்கவில்லை. ரைம்ஸ் சொன்னால் உதடு மட்டும் அசையும். கேள்வி கேட்டால் பென்சிலைப் பார்ப்பாள். நானும் குறிப்பேட்டில் ‘மெல்லக் கற்பவர்’ என்று எழுதிவிட்டேன். அப்படி எழுதியதற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

ஒரு நாள் பட அட்டைகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். மீன் படம் வந்தது. “வாட் இஸ் திஸ்?” என்றதும் வகுப்பே “ஃபிஷ்” என்று கத்தியது. அவள் மட்டும் எழுந்து வந்து, அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்த மீனு மிஸ்?” என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அட்டையில் இருந்தது ஆரஞ்சு நிறத்தில் யாரோ வரைந்த பொம்மை மீன். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி. பேரில்லாத மீனை அவள் பார்த்ததே இல்லை. “சரி, நீயே சொல்லு, உங்க வீட்டுல என்னென்ன மீன் வரும்?” என்று தமிழில் கேட்டேன். அவ்வளவுதான், பத்து நிமிடம் நிறுத்தவில்லை. விடிவதற்கு முன்னால் ஏலம் எப்படி நடக்கும், ஐஸ் எப்படி உடைப்பார்கள், செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும், கண் மங்கியிருந்தால் வாங்கவே கூடாது என்றெல்லாம் சொன்னாள். ஏழு வயதுப் பிள்ளை. இவளையா மெல்லக் கற்பவர் என்று எழுதினேன்?

அன்றிலிருந்து என் வகுப்பின் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதல் ஐந்து நிமிடம் தமிழில் பேச்சு, பிள்ளைகள் வாயிலிருந்தே. அந்தப் பேச்சிலிருந்து மூன்று நான்கு இங்கிலீஷ் சொல் மட்டும் எடுப்பேன். பிறகு போர்டில் ஒரு வாக்கியத்தைப் பாதி எழுதி, மீதியை அவர்களிடம் விடுவேன். “திஸ் இஸ் அ சங்கரா. இட் இஸ் ரெட். இட் இஸ் ஃப்ரெஷ்.” மீன் பேரைத் தமிழிலேயே வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? வாக்கியம் சரியான இங்கிலீஷ்தானே.

அவளாக வந்து என்னிடம் பேசிய முதல் இங்கிலீஷ் ஏப்ரல் நடுவில் வந்தது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்கி 61 நாள். மறுநாள் காலையில் என் மேசை அருகே வந்து, “மிஸ், நோ போட். டாடி ஹோம்” என்றாள். பழைய நானாக இருந்தால் உடனே திருத்தியிருப்பேன். அன்றைக்கு, “ஓ, யுவர் டாடி இஸ் அட் ஹோம்? தி போட் இஸ் நாட் கோயிங்?” என்று மட்டும் கேட்டேன். “எஸ் மிஸ், அட் ஹோம்” என்றாள். தப்பு என்ற சொல்லே வராமல் அந்த ‘அட்’ அவள் வாய்க்குப் போய்விட்டது.

புது மொழிக்குள் நுழையும் பிள்ளைக்கு மௌனமான ஒரு காலம் உண்டு, சிலருக்கு அது பல மாதம் நீளும் என்று அப்புறம்தான் படித்தேன். அந்தக் காலத்தில் காது வேலை செய்துகொண்டிருக்கிறது. முன்பே தெரிந்திருந்தால் அவளை எழுப்பி நிற்க வைத்து, “சொல்லு, சொல்லு” என்று நெருக்கியிருக்க மாட்டேன்.

வியாசர்பாடி அம்மா:

டீச்சர், நீங்க எழுதினதைப் படிச்சதும் இதைச் சொல்லியே ஆகணும்னு தோணுச்சு. என் பையன் ஒரு தனியார் நர்சரி பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படித்தபோது நடந்தது. அங்கே தமிழில் பேசினால் லீடர் பேர் எழுதிக் கொடுத்துவிடுவான். டைரியில் ‘வீட்டில் இங்கிலீஷில் பேசுங்கள்’ என்று எழுதி அனுப்பினார்கள். நான் பத்தாவது வரைக்கும் தமிழ் வழியில் படித்தவள், எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறேன். எனக்குத் தெரிந்தது கம், கோ, ஈட், ஸ்லீப். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு பேச முடியும்? தப்பாகப் பேசி அவனைக் கெடுத்துவிடக் கூடாது என்று பயந்து, மெல்ல மெல்ல அவனோடு பேசுவதையே குறைத்துவிட்டேன். முன்பெல்லாம் சோறு ஊட்டும்போது கதை சொல்வேன். அதுவும் நின்றுபோனது.

ஒரு நாள் வேன் விட்டு இறங்கியவன் டவுசரோடு ஈரமாக நின்றான். பாத்ரூம் போக வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்கத் தெரியவில்லை. தமிழில் கேட்டால் பேர் எழுதுவார்கள். ஆறு வயதுக் குழந்தை மத்தியானம் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கு ராத்திரி நானும் அழுதேன், அவனும் அழுதான்.

அடுத்த வருடமே பள்ளியை மாற்றினேன். புதுப் பள்ளியில் முதல் நாளே அந்த மிஸ் எல்லாப் பிள்ளைகளுக்கும் நாலு வாக்கியம் சொல்லிக் கொடுத்தார். தண்ணி வேணும், பாத்ரூம் போகணும், புரியலை, வலிக்குது. வாய் வராவிட்டால் காட்டுவதற்கு நாலு படம் வரைந்து கதவுப் பக்கம் ஒட்டியிருந்தார். “நீங்க வீட்டுல தமிழ்லயே நிறைய பேசுங்கம்மா, இங்கிலீஷை நான் பார்த்துக்கறேன்” என்றும் சொன்னார். எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. இப்போது மூன்றாவது படிக்கிறான். கதை திரும்ப ஆரம்பித்துவிட்டது.

ஒரு சந்தேகம் டீச்சர். ‘பி’ (b) போட வேண்டிய இடத்தில் ‘டி’ (d) போடுகிறான், b எது, p எது என்றும் குழப்புகிறான். அது என்ன?

மணலி ஆசிரியர்:

எங்கள் பக்கம் கதை இன்னொரு மடங்கு சிக்கல். மணலி, மாதவரம், எண்ணூர் பக்கம் கம்பெனி வேலைக்கும் கட்டட வேலைக்கும் பீகார், ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழே புதுமொழி, இங்கிலீஷ் அதற்கு மேல். நான்காம் வகுப்புக்கு ஒரு ஒடியாப் பையன் வந்தான். முதல் வாரம் முழுக்கக் கடைசி பெஞ்சில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதே தெருவில் குடியிருக்கிற ஒரு பையனைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் செய்த முதல் நல்ல காரியம் அதுதான். தீபாவளிக்குள் அவன் “டேய் நவுருடா” என்று நம்ம ஊர்க்காரன் மாதிரியே பேசினான். எல்லோருக்கும் சந்தோஷம். சரி, இவனுக்கு மொழி வந்துவிட்டது என்று நானும் கையை விட்டுவிட்டேன்.

அங்கேதான் தவறினேன். பரீட்சையில் தமிழிலும் இங்கிலீஷிலும் கேள்வியே அவனுக்குப் புரியவில்லை. ‘பொருத்துக’, ‘காரணம் கூறுக’, ‘வேறுபடுத்துக’ எல்லாம் விளையாட்டு மைதானத்தில் கிடைக்காத சொற்கள். கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற மொழியியல் அறிஞர் 1979-இலேயே இந்த வித்தியாசத்தைப் பிரித்துச் சொன்னார். பேச்சு வழக்கு ஒன்றிரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப் புத்தகத்தின் மொழி கூடப் படிக்கும் பிள்ளைகளின் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகலாம் என்பது அவர் கணக்கு. சரளமாகப் பேசுகிற பிள்ளை பரீட்சையில் விழுந்தால் நாம் சோம்பேறி என்கிறோம். அவனுக்கு மொழி இன்னும் பாதி வழிதான் வந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் அந்தப் பாடத்தின் கேள்விச் சொற்களைத் தனியாக எடுத்துச் செய்து காட்டுகிறேன். ‘கம்பேர்’ என்றால் இரண்டு பாட்டிலைத் தூக்கி வைத்து எது உயரம், எதில் தண்ணீர் அதிகம் என்று கேட்பேன். வகுப்பில் கதவு, ஜன்னல், மேசை எல்லாவற்றிலும் மூன்று மொழியில் சீட்டு ஒட்டினோம். ஒடியாச் சீட்டுகளை எழுதியது அவன் அம்மா. அன்றைக்கு அந்த அம்மா வகுப்பு வாசலில் நின்று பையனைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. யாரோ அவரிடம் “வீட்டில் ஒடியா பேசாதீர்கள், பையன் குழம்புவான்” என்று சொல்லியிருந்தார்களாம். அப்படியெல்லாம் இல்லை அம்மா, உங்கள் பாஷையில் நன்றாகக் கதை கேட்ட பிள்ளைக்குத்தான் எங்கள் பாஷையிலும் கதை புரியும் என்று, இந்தி தெரிந்த ஒரு பெற்றோரை வைத்துச் சொன்னேன்.

வியாசர்பாடி ஃபுட்பால் அண்ணன்:

சின்னதாக ஒன்று. நம்ம பசங்களுக்கு இங்கிலீஷ் வராது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை. கிரவுண்டுக்கு வந்து பாருங்கள். பாஸ், கார்னர், ஆஃப்சைடு, த்ரோ, செகண்ட் ஹாஃப். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர், காயின், பாக்கெட். படகுக்காரர் வீட்டில் இன்ஜின், டீசல், ஐஸ். ஆறு வயதுப் பிள்ளைக்கு நூறு சொல்லாவது வாயில் இருக்கிறது. காது உருது, தெலுங்கு எல்லாம் கேட்டுப் பழகிய காது. காலையில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு ஜல்தியா வர்ற பசங்க. நான் பயிற்சியின்போது “ரன் டு தி போஸ்ட்”, “டச் தி லைன்”, “ஸ்டாண்ட் பிஹைண்ட் ஹிம்” என்று சொல்லி ஓட வைக்கிறேன். பதில் சொல்லத் தேவையில்லை, செய்தால் போதும். பிஹைண்டும் பிட்வீனும் புத்தகம் இல்லாமலே வந்துவிட்டது.

ராயபுரத்திலிருந்து ஒரு சித்தப்பா:

என் அண்ணன் வேலைக்காக அமெரிக்கா போனார், நியூ ஜெர்சி. மகள் அங்கே இரண்டாம் வகுப்பில் சேர்ந்தாள். சேர்க்கும்போதே ஒரு படிவம். வீட்டில் என்ன மொழி, குழந்தை முதலில் பேசிய மொழி எது என்ற கேள்விகள். தமிழ் என்று எழுதினால் ஒதுக்கிவிடுவார்களோ என்று அண்ணி பயந்தார்கள். நடந்தது வேறு. தமிழ் என்று எழுதியதால்தான் அவளுக்கு இங்கிலீஷ் எவ்வளவு வருகிறது என்று தனியாகப் பார்த்து, தினமும் ஒரு பீரியடு அதற்கென்றே ஒரு ஆசிரியர் கொடுத்தார்கள். இதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் இங்கிலீஷ் தெரியாத சீனப் பிள்ளைகளை எந்த உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே வகுப்பு கொடுத்துவிட்டால் மட்டும் சமமாக நடத்தியதாக ஆகாது என்று 1974-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. நம்ம ஊரிலும் சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பியதோடு விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

கொருக்குப்பேட்டை தன்னார்வலர்:

வியாசர்பாடி அக்காவின் சந்தேகத்துக்கு எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது எங்கள் வீட்டு மாடியில் மாலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்தேன். அதே குழப்பம் எல்லோரிடமும் இருந்தது. அடுத்த வருடம் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, பிள்ளைகளை அவரவர் கற்றிருந்த அளவை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். மேல் நிலையான மலரில் இருந்த பிள்ளைக்கும் இந்த இடம் தட்டியது.

அக்கா, இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று வடிவம். சின்ன எழுத்தில் ‘பி’யும் (b) ‘டி’யும் (d) ஒரே உருவத்தின் இடது வலதுதான். சின்னப் பிள்ளைகள் மாற்றிப் போடுவது சாதாரணம். இன்னொன்று ஓசை, அது நம் தமிழிலிருந்து வருகிறது. தமிழில் ‘கோட்’ என்று எழுதுங்கள். அது சட்டைக்கு மேல் போடுகிற கோட்டா, ஆடா? ‘பேட்’ என்று எழுதினால் கிரிக்கெட் மட்டையா, காலில் கட்டுகிற பேடா? நமக்கு ஒரே எழுத்து. பிள்ளைக்குக் காது மந்தமில்லை, அவன் எழுத்து அதைப் பிரித்துக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்த இரண்டு ஓசையும் அவன் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. ‘பல்’ சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் ‘தம்பி’ சொல்லச் சொல்லுங்கள். இரண்டு ‘ப’வும் வேறு. ‘கடல்’ வேறு, ‘சங்கு’ வேறு. தொண்டையில் கை வைத்துக்கொண்டு அந்த எழுத்தை மட்டும் தனியாகச் சொன்னால், தம்பியில் வருவதற்கு உள்ளே அதிரும், பல்லில் வருவதற்கு அதிராது. நாங்கள் b-க்குத் தம்பி ‘பி’, p-க்குப் பல் ‘பி’ என்றே பேர் வைத்துவிட்டோம். ஒரு வாரத்தில் பாதிப் பேருக்குப் பிடிபட்டது.

“ஐ ஸ்கூல் கோயிங்” என்பதும் இப்படித்தான். ‘நான் பள்ளிக்கூடம் போறேன்’ என்ற வரிசையை அப்படியே எடுத்துப் போடுகிறான். யார், என்ன செய்கிறார், எங்கே என்று மூன்று நிறத்தில் சீட்டு வெட்டிக்கொண்டோம். தமிழ் வாக்கியத்தை முதலில் அடுக்கி, அதே சீட்டுகளை இங்கிலீஷுக்கு மாற்றி அடுக்குவது விளையாட்டு. வினைச்சொல் சீட்டு கடைசியிலிருந்து நடுவுக்கு நகர்வதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் தானாகவே திருத்திக்கொள்கிறார்கள்.

தண்டையார்பேட்டை ஆசிரியை:

தம்பி ‘பி’யை நாளைக்கே வகுப்பில் செய்து பார்க்கிறேன், நன்றிப்பா.

வியாசர்பாடி அம்மாவுக்கு ஒரு சொல். நீங்கள் ராத்திரி சொல்கிற கதையை, மறுநாள் உங்கள் பையனைப் படமாக வரையச் சொல்லுங்கள். வரைந்த படத்துக்குக் கீழே அவனுக்குத் தெரிந்த இரண்டு இங்கிலீஷ் சொல்லை அவனே எழுதட்டும். தப்பாக எழுதினால் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், நோட்டை அவன் மிஸ்ஸிடம் கொடுத்து அனுப்புங்கள். எங்கள் காசிமேட்டுப் பாப்பா அப்படி ஒரு நோட்டு முழுக்க மீன் வரைந்தாள். முதல் பக்கத்தில் வஞ்சிரம், கீழே ‘பிக் ஃபிஷ்’ என்று எழுதியிருந்தாள். இப்போது அவள் ஐந்தாவது. போன வாரம் இடைவேளையில் என் வகுப்புக்கு வந்து, புதுப் பாப்பா ஒருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதே ஆரஞ்சு மீன் அட்டையைக் காட்டி, “இது நம்ம ஊர் மீனு இல்ல, ஆனா இதுக்கும் ஃபிஷ்தான் சொல்லணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.