ரோமியோ–ஜூலியட் கதையை மாயம் கலந்து மீள்புனையும்போது முடிவை மாற்றலாமா?

தென்றல்வாசி (கேள்வி)

பதின்வயது வாசகர்களுக்காக ரோமியோ–ஜூலியட் கதையை மிகுபுனைவு கலந்த வரலாற்று நாவலாக எழுதி வருகிறேன். களம் இத்தாலியின் வெரோனா நகரம், காலம், ஸ்காலா குடும்பத்தைச் சேர்ந்த பர்த்தொலோமியோ அந்நகரை ஆண்ட 1301–1304. என் கதையில், நகரைச் சுற்றி ஓடும் ஆதிஜே ஆற்றில் உறங்கும் பழைய சாபம் ஒன்று பெருங்கொள்ளைநோயாக ஊருக்குள் நுழைகிறது. அந்தச் சாபத்தின் குரல் ஜூலியட்டுக்கு மட்டும் கேட்கும். இறுதியில் அதன் ஆற்றலைக் கொண்டே ரோமியோவை உயிர்ப்பிக்கிறாள். படித்துப் பார்த்த நண்பர்களில் சிலர் முடிவைக் கொண்டாடினார்கள். சிலரோ, காதலர் இருவரும் பிழைத்துவிட்டால் அது அந்தக் கதையே அல்ல என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ஏட்டுச்சுவடி

முடிவைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். நான் காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். கறுப்புச் சாவு எனப்படும் பெருங்கொள்ளைநோய் இத்தாலிக்குள் நுழைந்தது 1347 இறுதியில்தான். ஆகவே நோய்தான் நாவலின் உயிர் என்றால், இரண்டாம் மாஸ்தினோ ஆண்ட 1348-க்குக் கதையை நகர்த்துங்கள். அப்போதும் ஆட்சி ஸ்காலா குடும்பத்தின் கையில்தான் இருந்தது. இன்னொன்று: ஷேக்ஸ்பியரின் நாடகத்தில், ஜூலியட்டின் சாவு வெறும் நடிப்பே என்று ரோமியோவுக்குச் சொல்லும் கடிதத்தைச் சுமந்து செல்லும் துறவி, நோய் தொற்றிய வீட்டில் இருந்திருக்கலாம் என்ற ஐயத்தால் உள்ளே வைத்துப் பூட்டப்படுகிறார். வீட்டுக் கதவை அடைத்து முத்திரையிடும் அந்த வழக்கம் ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன்வாசிகள் நன்கறிந்தது. அந்த அடைத்த கதவு நாடகத்தில் ஒரு சில வரிகளில் கடந்துபோகிறது. உங்கள் நாவலிலோ அதற்குள்ளேயே ஓர் அத்தியாயம் முழுவதும் இருக்கலாம்: கடிதம் துறவியின் கையில், வெளியே காவலாளி, சுவருக்கு அப்பால் இருமல். சாபம் நுழைய இதைவிடப் பொருத்தமான வாசல் எனக்குத் தெரியவில்லை.

மாலைவாசகர்

முடிவை மாற்றுவதில் புதிதாக எதுவும் இல்லை. ஷேக்ஸ்பியருக்கு முந்திய இத்தாலிய எழுத்தாளர்களான லூயிஜி தா போர்த்தோவின் 1530 வாக்கில் அச்சேறிய கதையிலும், பந்தெல்லோவின் 1554-இல் வந்த கதையிலும் ரோமியோவின் உயிர் பிரியுமுன்பே ஜூலியட் கண்விழித்துவிடுகிறாள். இருவரும் கடைசியாகப் பேசிக்கொள்கிறார்கள். ஷேக்ஸ்பியர் அந்தப் பேச்சைப் பறித்தார். 1748-இல் ஆங்கில நடிகர் டேவிட் காரிக் அதை மேடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். ஆனாலும் இவர்களில் எவரும் காதலர்களைப் பிழைக்கவிடவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. இந்தக் கதையில் ஆளைக் கொல்வது நஞ்சைவிட அவசரம்தான். ஷேக்ஸ்பியர் மூலமாகக் கொண்ட, ஆர்தர் புரூக்கின் 1562-ஆம் ஆண்டுக் கவிதையில் மாதக்கணக்கில் நடப்பதை ஷேக்ஸ்பியர் ஞாயிறுக்கும் வியாழனுக்கும் இடையில் அடைத்துவிட்டார். ஜூலியட் பணிந்தவள்போல் நடித்ததும் தந்தை மகிழ்ந்து, பாரிஸ் என்பவனோடு தான் நிச்சயித்த வியாழன் திருமணத்தைப் புதனுக்கு முன்தள்ளுகிறார்; அதனால் 42 மணி நேரம் பிணம்போல் கிடக்கவைக்கும் மருந்தை அவள் ஓர் இரவு முன்னதாகவே குடிக்க நேர்கிறது. கடிதத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு நாள் அங்கேயே பறிபோகிறது. உங்கள் மாயம் கடைசி நொடியில் வந்து இதையெல்லாம் துடைத்துவிட்டால், அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்த இளம் வாசகர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். மாயமும் அந்த அவசரத்துக்குக் கட்டுப்படட்டும். சாபத்தின் குரல் உண்மையை மட்டுமே சொல்லும், ஆனால் எப்போதும் ஒரு நாழிகை தாமதமாகத்தான் சொல்லும் என்று வைத்துப் பாருங்கள்.

தென்றல்வாசி

தாமதமாக வரும் குரல் என்ற யோசனை என்னைப் பிடித்துக்கொண்டது. காலத்தையும் 1348-க்கு மாற்றப் போகிறேன். ஜூலியட்டின் வயதை என்ன செய்வது? நாடகத்தில் அவளுக்கு இன்னும் 14 நிறையவில்லை.

மாலைவாசகர்

பந்தெல்லோவிடம் அவளுக்கு 18, புரூக்கிடம் ஏறக்குறைய 16. ஆகவே நீங்கள் 17 என்று வைத்தாலும் மரபை மீறியதாகாது. ஆனால் புரூக்கின் முன்னுரையை மட்டும் பின்பற்றாதீர்கள்: பெற்றோர் சொல் கேளாத பிள்ளைகளுக்கு இதுவே கதி என்று காதலர்களைக் கண்டித்துவிட்டுத்தான் அவர் கதையையே தொடங்குகிறார். உங்கள் ஜூலியட் குரலைக் கேட்டு என்ன முடிவெடுத்தாலும் அது அவளே தெரிந்து எடுத்ததாக இருக்கட்டும். அதன்பின் ரோமியோ பிழைப்பதானால், அதற்கு அவள் எதை இழந்தாள் என்பதைக் கல்லறைக் காட்சிக்கு முன்பே எழுதிவிடுங்கள்.