ஃபோர்ஹேண்டில் மணிக்கட்டைச் சொடுக்க வேண்டுமா?

கீழக்கரைவாசி:
41 வயதில் டென்னிஸ் கற்கத் தொடங்கிய எனக்கு, ஃபோர்ஹேண்டில் (உள்ளங்கை முன்னோக்க அடிக்கும் அடி) பந்தைத் தொடும் கணத்தில் மணிக்கட்டைச் சொடுக்கினால்தான் டாப்ஸ்பின் (பந்தின் முன்னோக்கிய சுழற்சி) கிடைக்கும் என்று பயிற்சியாளர் கூறினார். இரண்டு மாதம் அவ்வாறே ஆடியதில் பாதிப் பந்துகள் வலையிலும் மீதி வேலிக்கு அப்பாலும் போகின்றன; சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டும் வலிக்கிறது. சொல்லிக் கொடுத்தது சரிதானா?

பாம்பன்காற்று:
சரியன்று. பந்து மட்டையின் நரம்புகளில் தங்குவது ஏறத்தாழ 5 மில்லிநொடிதான் என்பதால், அந்த இடைவெளியில் நினைத்துச் சொடுக்க எவராலும் இயலாது. இடுப்பும் தோளும் முன்னோக்கித் திரும்பும்போது மட்டை பின்தங்குவதால் மணிக்கட்டு தானாகவே பின்னுக்கு மடிகிறது. பந்தைத் தொடும்போதும் பெரும்பாலும் சற்று மடிந்தே இருக்கிறது. மட்டை கீழிருந்து மேலாகப் பந்தை உரசிச் செல்வதில்தான் சுழற்சி பிறக்கிறது. தோள் உட்புறம் சுழல்வதும், உள்ளங்கை தரையை நோக்குமாறு முன்கை திரும்புவதும் அதற்குத் துணை செய்கின்றன.

மண்டபம்_இடக்கை:
கரையில் வீச்சுவலை எறிபவரைக் கவனியுங்கள். உடல் திரும்பிய பிறகே கை விரிகிறது. மணிக்கட்டை முறுக்கினால் வலை சுருண்டு விழும். கைப்பிடியை இறுக்காமல் பிடித்து, பந்தை உடலுக்கு முன்னால் சந்தியுங்கள். கச்சான் காற்று வீசும் மாலையில் பழக வேண்டாம், பிழை உங்களுடையதா காற்றினுடையதா என்றே தெரியாது! வலி தீரும்வரை ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கீழக்கரைவாசி:
நன்றி. கைப்பிடியை நான் இறுக்கித்தான் பிடித்திருந்தேன். உள்ளங்கையில் காய்ப்பே இருக்கிறது.