‘ஹீலிங்’ என்பது ஆறுதல் சொல்வதா, ஆறுவதா? கறுப்பினப் பெண்ணியர்களின் கூட்டு நலமீட்பு பற்றி ஒரு கேள்வி

தாழை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியர்களின் எழுத்துகளைத் தமிழில் பேசிப் பழகும் ஒரு சிறிய வாசிப்புக் குழுவுக்காக அறிமுகக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘கலெக்டிவ் ஹீலிங்’ என்ற தொடர் வந்த இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. முதலில் ‘கூட்டு ஆறுதல்’ என்று எழுதினேன். ஆனால் ஆறுதல் என்றதும் துக்க வீட்டில் அருகே அமர்ந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து வருவதுதான் நம் மனத்தில் தோன்றுகிறது. ‘குணப்படுத்துதல்’ என்று மாற்றினால், வேலை முழுவதும் மருத்துவரின் கைக்குப் போய்விடுகிறது.

சொல்லைவிடப் பெரிய ஐயங்கள் இரண்டு இருக்கின்றன. தன்னைப் பேணிக்கொள்வது சொகுசு அன்று, தற்காப்பு, அதுவே ஓர் அரசியல் போர்ச்செயல் என்ற பொருளில் கறுப்பினப் பெண்ணியக் கவிஞர் ஆட்ரி லார்ட் எழுதிய வாக்கியம் இன்று அழகுப் பொருள் விளம்பரங்களில்கூடப் பயன்படுகிறது. அவர் பேசியது தனி ஒருத்தியின் நலத்தைப் பற்றித்தானா? இரண்டாவது ஐயம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. காயப்படுத்தியது அரசும் மருத்துவமனையும் பண்ணை முதலாளியும் என்றால், காயப்பட்ட பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வது காயப்படுத்தியவர்களின் பொறுப்பைக் குறைத்துவிடாதா?

எழினி:

தாழை அவர்களுக்கு, முதல் ஐயத்திலிருந்து தொடங்குகிறேன். லார்ட் அந்த வாக்கியத்தை எழுதியபோது புற்றுநோய் அவருடைய கல்லீரலுக்குப் பரவியிருந்தது. அது அச்சில் வந்தது 1988இல், அவர் இறந்தது 1992இல். எஞ்சிய நாட்களில் எந்த வேலைக்கு உடம்பைக் கொடுப்பது, எதற்கு மறுப்பது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு போராளியின் வாக்கியம் அது. பத்தாண்டுகளுக்கு முன், 1978இல், மார்பக அறுவைக்குப் பின் மருத்துவரைப் பார்க்கச் சென்றபோது நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். செயற்கை மார்பகம் அணியாமல் வந்ததைக் கண்ட செவிலியர், இப்படி வந்தால் மற்ற நோயாளிகளின் மனம் தளரும் என்ற தொனியில் கண்டித்தாராம். இழப்பை மறைத்துக்கொள்வதே நலம் என்று அந்த இடம் அவருக்குச் சொன்னது. மறைத்துக்கொண்டால், அதே இழப்பைச் சுமக்கும் பெண்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வது எப்படி என்பதே அவருடைய எதிர்க்கேள்வி. தன்னைப் பேணுவதைப் பற்றிய அந்த வாக்கியத்துக்கு அடியில் இந்தக் கேள்வி இருக்கிறது. விளம்பரக்காரர்கள் இதை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது ஐயத்துக்கு பாஸ்டன் நகரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1974இல் அங்கே உருவான கறுப்பினப் பெண்ணியர்களின் கம்பாஹி நதிக் கூட்டமைப்பு தன் பெயரை 1863ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றிலிருந்து எடுத்தது. அடிமைத்தளையிலிருந்து தானே தப்பிவந்த ஹேரியட் டப்மன் வழிகாட்டிய படை தென் கரோலினாவின் அந்த ஆற்றங்கரையில் 700க்கும் மேற்பட்ட அடிமைகளை விடுவித்தது. 1979இன் முதல் சில மாதங்களுக்குள் பாஸ்டனில் 12 கறுப்பினப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் இதை இன வன்முறை என்று மட்டுமே சொன்னார்கள். பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், ஆண்கள் காப்பார்கள் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த, அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்த பார்பரா ஸ்மித் கோபத்தோடு வீடு திரும்பி ஒரு துண்டறிக்கையை எழுதத் தொடங்கினார். ஆறு கறுப்பினப் பெண்கள் ஏன் இறந்தார்கள் என்பது அதன் தலைப்பு. அச்சான பிறகும் கொலைகள் தொடர்ந்ததால் ‘6’ என்ற எண்ணை அடித்துவிட்டு ‘7’ என்றும், அதையும் அடித்துவிட்டு ‘8’ என்றும் எழுத வேண்டியிருந்தது. அடித்துத் திருத்திய அந்த எண்களோடு அந்தத் தாளைப் பார்த்தவர்களுக்கு அது எளிதில் மறக்காது. அவர்கள் கறுப்பர்கள் என்பதாலும் பெண்கள் என்பதாலும் கொல்லப்பட்டார்கள் என்று அந்தத் தாள் வெளிப்படையாகச் சொன்னது; தற்காப்பு வழிகளையும் தந்தது. அஞ்சிக்கிடந்த பெண்களுக்குத் தேறுதலும் ஊருக்கு முன் குற்றச்சாட்டும் ஒரே தாளில் இருந்தன.

இனி, கறுப்பினப் பெண்களின் உடல்நலத்துக்காக உழைத்த பில்லி ஏவரி. இவரைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். 1970இல் அவருடைய கணவர் 33 வயதில் மாரடைப்பால் இறந்தார். இருவரும் படித்தவர்கள்; ஆனாலும் உயர் இரத்த அழுத்தம் என்ன செய்யும் என்பதை எந்தப் படிப்பும் தங்களுக்குச் சொல்லித் தரவில்லை என்பதை அவர் பின்னாளில் திரும்பத் திரும்பப் பேசினார். 1983 ஜூனில் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் கறுப்பினப் பெண்களின் உடல்நலத்துக்கென முதல் தேசிய மாநாட்டைக் கூட்டியபோது ஏறத்தாழ 2,000 பெண்கள் வந்தார்கள். அதிலிருந்து தேசியக் கறுப்பினப் பெண்கள் நலத் திட்டமும் ஊர் ஊராகத் தன்னுதவி வட்டங்களும் பிறந்தன.

குழந்தை இறப்பையும் இரத்த அழுத்தத்தையும் பற்றிப் பேச்சு வரும் என்று ஏவரி எதிர்பார்த்திருந்தார். ஆனால் பெண்கள் வாய் திறந்தபோது முதலில் வந்தது வன்முறை: வீட்டுக்குள் நடந்த அடி, சிறு வயதில் நடந்த பாலியல் கொடுமை, யாரிடமும் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்ட மௌனம். எந்த மருத்துவப் படிவத்திலும் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. வட்டத்தில் ஒருத்தி சொன்ன பிறகுதான் அடுத்தவள் தன்னுடையதைச் சொன்னாள். தனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று ஒருத்தி நினைத்திருந்தது பலருக்கும் நேர்ந்த ஒன்று என்று தெரிந்த நொடியில் அது கோரிக்கை ஆகிறது. ஆகவே வட்டத்தில் உட்காருவது பொறுப்பைக் குறைப்பதில்லை என்பேன். அங்கேதான் முதல்முறையாகப் பொறுப்பாளி யார் என்று பெயர் சொல்ல முடிகிறது.

முல்லைக்கொடி:

நான் அமெரிக்காவில் பிரசவப் பிரிவுச் செவிலியராக 11 ஆண்டுகள் வேலை பார்த்தவள். எழினி ஐயா எழுதியதற்கு ஒரு வார்டின் அளவில் சான்று தருகிறேன்.

ஓர் இரவு, பிரசவம் முடிந்து இரண்டாம் நாளில் இருந்த கறுப்பினப் பெண் ஒருவர், தலை பிளப்பதுபோல் வலிக்கிறது, கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்று சொன்னார். முந்தைய ஷிஃப்டில் அவருடைய குறிப்பில் ‘பதற்றமாக இருக்கிறார்’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. அவருடைய அக்காவும் பிரசவத் துணைக்கு வந்திருந்த ஒரு டூலாவும் அறையை விட்டு நகர மறுத்தார்கள். டூலா ஒரு சிறு நோட்டில் அவர் எந்த மணிக்கு என்ன சொன்னார், யாரிடம் சொன்னார் என்று எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டை என் கையில் கொடுத்து, “வாசித்துவிட்டு அழுத்தம் பாருங்கள்” என்றார். மேல் அளவு 160ஐத் தாண்டியிருந்தது. பிரசவத்துக்குப் பின் வரும் சூல் நஞ்சு அது; இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும் நிலை. வலிப்பு வரும் முன் மருந்து ஏற்ற முடிந்தது. முந்தைய குறிப்பை எழுதியவர் கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணின் வலியை அவர் வலியாகக் கேட்கவில்லை, அவ்வளவே. அவ்வளவே என்று எழுதும்போது என் கை நடுங்குகிறது, ஏனென்றால் மற்ற இரவுகளில் நானும் அப்படிக் கேட்காமல் போயிருக்கலாம்.

2023இல் அமெரிக்காவில் 1,00,000 உயிர்ப் பிறப்புக்குக் கறுப்பினத் தாய்மார் இறப்பு 50.3, வெள்ளையினத் தாய்மார் இறப்பு 14.5 என்று அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. வசதியும் புகழும் இருந்தால் தப்பித்துவிடலாம் என்பதும் இல்லை. 2017இல் பிரசவத்துக்குப் பின் நுரையீரலில் இரத்தக் கட்டி என்று உணர்ந்து, தனக்கு எந்தச் சோதனை வேண்டும் என்று செரீனா வில்லியம்ஸே சொன்னபோதும், வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

என்னைக் கேட்டால், கூட்டு நலமீட்பு என்பது அந்த அறையை விட்டு நகராத அக்காவும் அந்த நோட்டும்தான். தியானமும் பாட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருத்தியின் சொல்லை நம்பி, அதை எழுதி வைத்து, கேட்காதவர்களைக் கேட்க வைக்கும் ஒரு கூட்டம் அவளைச் சுற்றி இருப்பதைச் சொல்கிறேன்.

நெடுநல்:

இருவர் எழுதியதையும் மதிக்கிறேன். ஆனால் ஒரு முரணைச் சொல்லாமல் விட மனமில்லை. அந்த அக்கா மறுநாள் வேலைக்குப் போனாரா? அவரை யார் பார்த்துக்கொண்டார்கள்? கறுப்பினப் பெண் எதையும் தாங்குவாள் என்ற எதிர்பார்ப்பு அடிமைக் காலத்திலிருந்து வருவது. அந்த எதிர்பார்ப்பு எப்படி உடம்பைத் தின்கிறது என்பதைச் செவிலியர் துறை ஆய்வாளர் ஷெரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பே 2010இல் விரிவாக விளக்கினார். வலுவாகத் தெரிய வேண்டும், அழுகையை அடக்க வேண்டும், உதவி கேட்கக் கூடாது, தன்னைக் கடைசியில் வைத்துப் பிறரைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயங்கள் அதில் வருகின்றன. கூட்டுப் பராமரிப்பு என்ற பெயரில் இந்தக் கடைசிக் கட்டாயமே வேறு உருவில் திரும்பி வந்துவிடக் கூடாது.

அதனால்தான் 2016இல் அட்லாண்டாவில் ட்ரிஷியா ஹெர்சி தொடங்கிய ‘நாப் மினிஸ்ட்ரி’ எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு கூடத்தில் பாய்களும் தலையணைகளும் விரித்து, வந்தவர்களை ஒன்றாகத் தூங்க வைப்பார்கள். முன்னோரின் உடம்பிலிருந்து பிடுங்கப்பட்ட ஓய்வை மீட்டெடுப்பதாக அவர் அதை விளக்குகிறார். அங்கே யாரும் யாரையும் தாங்க வேண்டியதில்லை. பார்த்துக்கொள்பவளையும் படுக்கச் சொல்லும் ஒரு கூட்டமாக அது இருக்கிறது.

எழினி:

நெடுநல் சொன்ன எச்சரிக்கையை ஏற்கிறேன். என் பதிலில் அந்தப் பக்கம் விடுபட்டுப்போனது. ஆனால் தாங்குபவளைத் தாங்குவதற்கு ஓய்வு மட்டும் போதாது, நிலமும் சோறும் வேண்டும் என்று நினைத்தவர் ஒருவர் உண்டு. மிசிசிப்பி மாநிலத்தின் வாக்குரிமைப் போராளி ஃபேன்னி லூ ஹேமர் 1961இல் ஒரு சிறு கட்டியை அகற்ற அறுவைக்குப் போனார். அவரைக் கேட்காமலே கருப்பையை எடுத்துவிட்டார்கள். 1963இல் சிறையில் அடித்த அடி அவர் உடம்பில் கடைசிவரை இருந்தது. வாக்குரிமை கேட்டவர்கள் பண்ணைகளிலிருந்து துரத்தப்பட்டுப் பட்டினி கிடந்ததைப் பார்த்தவர், 1969இல் சன்ஃப்ளவர் கவுண்டியில் 40 ஏக்கரில் விடுதலைப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். அதில் ‘பன்றி வங்கி’ ஒன்று இருந்தது. சினைப்பன்றியை ஒரு குடும்பம் அந்த வங்கியிலிருந்து பெற்றுப் பார்த்துக்கொள்ளும். ஈன்ற குட்டிகள் அந்தக் குடும்பத்துக்கு உணவும் வருமானமும் ஆகும். ‘ஹீலிங்’ என்ற சொல் இல்லாமலே நடந்த நலமீட்பு இது. அறிமுகக் கட்டுரைகள் பெரும்பாலும் இதை உழவுக் கணக்கில் சேர்த்துவிட்டுக் கடந்துவிடுகின்றன.

சொல்லைப் பற்றி ஒன்று. புண் ஆறியது என்கிறோம், மனம் ஆறவில்லை என்கிறோம், பால் ஆறட்டும் என்கிறோம். எல்லாவற்றிலும் வினை தானே நடக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்து ஆற்றிவிடுவதில்லை. ‘ஆறுதல் சொல்வது’ என்ற வழக்குத்தான் அதைத் துக்க வீட்டு உபசாரமாகச் சுருக்கியது. ‘கூட்டாக ஆறுதல்’ என்று வினைப்பொருளை மீட்டு எழுதிப் பாருங்கள்.

தாழை:

மூவருக்கும் நன்றி. ‘கூட்டாக ஆறுவது’ என்று வினையாகவே எழுதப் போகிறேன். அப்போது யார் ஆறுகிறார்கள், யாரோடு, எதிலிருந்து என்ற கேள்விகளுக்கு வாக்கியமே பதில் சொல்லியாக வேண்டும். லார்டின் வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எண்ணை அடித்துத் திருத்திய துண்டறிக்கையை வைக்கிறேன். ஹேமரின் பண்ணை தனிப்பகுதியாக வரும். நெடுநல் கேட்ட கேள்வியைக் குழுவின் முதல் அமர்விலேயே எழுப்பப் போகிறேன்.

முல்லைக்கொடி அக்கா, அந்த நோட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை, அடையாளம் எதுவும் தெரியாதபடி, கட்டுரையில் சேர்க்க அனுமதிப்பீர்களா?

முல்லைக்கொடி:

சேர்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் பார்க்கச் சொன்னது நான் இல்லை, அந்த டூலா என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும்.