ஷட்டவுன், பிளேர், பெர்மிட்: எண்ணெய் வேலைக்குப் போய்வந்த வன்னிக்காரர் சொல்பவை

மாங்குளத்தான்:
அபுதாபியின் ருவைஸுக்கு ஷட்டவுன் வேலைக்கு, அதாவது எண்ணெய் ஆலையை நிறுத்திச் செய்கிற திருத்த வேலைக்கு, போகிற தம்பி ஒருவர் கேட்டிருந்தார், காஸ் எரிகிற உயரக் குழாயான பிளேரில் நெருப்பு பெரிதாக எரிந்தால் ஓட வேண்டுமா என்று. வேண்டாம் தம்பி. ஆலைக்குள் அழுத்தம் ஏறும்போது காஸ் போய் எரிவதற்கென்றே வைத்த வழி அது. அணைந்தால்தான் பயம். எரியாத காஸோடு நஞ்சுக் காஸான ஐதரசன் சல்பைட்டும் வந்தால் கீழே நிற்பவர் பாடு அவ்வளவுதான்.

ஆனால் வீணாக எரிவது வேறு கதை. 2023இல் உலகம் முழுக்க இப்படி எரிந்த காஸ் ஏறக்குறைய 148 பில்லியன் கன மீற்றர் என்பது உலக வங்கியின் கணக்கு. எண்ணெய் எடுக்கும்போது அன்றாடம் எரிப்பதை 2030க்குள் நிறுத்துவதென்று 2015இல் ஒரு திட்டமும் தொடங்கினார்கள்.

கட்டாரில் நான் பைப் பிட்டராக நின்ற இடத்தில் எங்கள் போமன் ஒரு மலையாளி. ஷட்டவுனுக்கு மாதக்கணக்கு இருக்கும்போதே எங்களைக் கூட்டிக்கொண்டு பிளேர் லைன் ஓரமாக நடப்பார். அழுத்தம் கூடினால் தானாகத் திறக்கிற சேஃப்டி வால்வுகளின் வெளிப்பக்கப் பைப்பை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். ஓகஸ்ட் வெயிலில் எல்லாம் கொதிக்கும். ஒன்று மட்டும் குளிர்ந்து, வியர்த்து, தண்ணீர் சொட்டிக்கொண்டு நிற்கும். வால்வ் சரியாக மூடாமல் காஸ் கசிகிறது என்று அர்த்தம். அழுத்தம் இறங்கி விரிகிற காஸ் குளிரும், பைப்பும் குளிரும். சோக்கால் ஒரு கோடு போடுவார். பிறகு கசிவுச் சத்தம் கேட்கிற கருவியோடு இன்னொருவர் வந்து உறுதிப்படுத்துவார். வேலைப் பட்டியலில் அந்த வால்வுகளுக்குத்தான் முதலிடம். ஷட்டவுன் முடிந்து ஆலை ஓடத் தொடங்கியபோது நெருப்பு பாதியாகிவிட்டதுபோலத் தெரிந்தது. புது மெஷின் ஒன்றும் பூட்டவில்லை.

திருத்தப் போகிற யூனிட்டிலிருந்து காஸை எடுத்து வெறுமையாக்குவதிலும் அதே கவனம். எல்லாவற்றையும் பிளேருக்குத் திறந்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும்தான். அங்கே அப்படிச் செய்யவில்லை. முதலில் ஓடிக்கொண்டிருந்த பக்கத்து யூனிட்டுக்குத் தள்ளினார்கள். இரண்டு பக்கமும் அழுத்தம் சமமானதும் மிச்சத்தைக் கொம்பிரசர் இழுத்தது. கடைசியில் மிஞ்சியதுதான் எரிந்தது. அதற்குப் பிறகே உள்ளே ஒட்டியிருக்கிற காஸைத் தள்ளி வெளியேற்ற நைட்ரஜன் விட்டார்கள். கொம்பிரசரை அளவுக்கு மேல் இழுக்க விட்டால் பிளேர் லைனுக்குள் காற்று புகுந்து வெடிக்கலாம். அதனால் ஒட்சிசன் மீற்றரிலிருந்து ஒருவர் கண்ணெடுக்கவே மாட்டார்.

பரந்தன் சந்தி:
அண்ணை சொன்னது சரி. ஆனால் பக்கத்து யூனிட் ஓடுகிறது என்பதை அவர் லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறார். என்னைக் கேட்டால் ஆபத்தே அங்கேதான். முழுதாக நிற்கிற ஆலையைவிட, பாதி ஓடிப் பாதி நிற்கிற ஆலைக்குத்தான் பயப்பட வேண்டும். வால்வை மூடினால் காணும் என்று நம்பக்கூடாது. பைப்பை அடைக்கிற இரும்புத் தகடான பிளைண்ட் போட வேண்டும். அது எந்த இடத்தில், என்ன நம்பர், யார் போட்டது என்று எழுதி வைக்க வேண்டும்.

1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்பா என்ற எண்ணெய் மேடை. ஒரு பம்பின் சேஃப்டி வால்வைத் திருத்தக் கழற்றிவிட்டு, அந்த வாயில் ஒரு மூடியை வைத்திருந்தார்கள். ஷிப்ற் மாறியபோது அந்தப் பெர்மிட், அதாவது வேலை அனுமதிக் கடதாசி, விஷயம் அடுத்த ஆட்களிடம் போய்ச் சேரவில்லை. இரவில் மற்றப் பம்ப் நின்றதும் இதை ஓட விட்டார்கள். மூடி வழியே கசிந்து வெடித்தது. 167 பேர் போனார்கள். நான் வேலை செய்த ஒரு கம்பனியில் பெர்மிட் கடதாசியை போமன் பொக்கற்றில் வைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார். அந்தக் கம்பனியில் நான் கொன்றாக்ற்றைப் புதுப்பிக்கவில்லை.

முறிகண்டி ஹெல்பர்:
நான் ஹோல் வாட்ச். தாங்கிக்குள் யார் போனார், யார் வந்தார் என்று எழுதுகிற ஆள். வெயிலில் கதிரை போட்டுக்கொண்டு சும்மா இருக்கிறான் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நைட்ரஜனுக்கு மணமும் இல்லை, இருமலும் வராது. எட்டிப் பார்த்தவன் அப்படியே விழுவான். விழுந்தவனைத் தூக்க உள்ளே குதிக்கிறவனும் திரும்பி வரமாட்டான். ஒட்சிசன் 20.9 வீதம் காட்டாமல் யாரையும் உள்ளே விடாதே, சூப்பவைசர் கத்தினாலும்.

ஐதரசன் சல்பைட் கூமுட்டை மணம் என்பார்கள். கூடினால் மூக்கு மரத்துவிடும், மணம் போய்விட்டதென்று நினைப்பாய். மூக்கை நம்பாதே, நெஞ்சில் மாட்டின மீற்றரை நம்பு. அலாரம் அடித்தால் காற்றின் திசை காட்டுகிற துணிப் பையைப் பார்த்து, காற்று வீசுகிற திசைக்குக் குறுக்கால் விலகி, காற்று வருகிற பக்கமாகப் போ.

மன்னார்ப் பிள்ளை:
2011இல் மன்னார்க் கடலில் டொராடோ, பராகுடா என்று இரண்டு இடத்தில் காஸ் கண்டார்களே. அதை எடுத்தால் இங்கேயும் இப்படி நெருப்பு எரியுமா?

மாங்குளத்தான்:
கிணறு சோதிக்கிற நாட்களில் எரியும் பிள்ளை. எடுக்கத் தொடங்கிய பிறகு காஸை விற்கிறவன் அதை எரிக்க விரும்பமாட்டான். அதிகம் எரிவது எண்ணெய்க்காகத் தோண்டி, கூட வருகிற காஸைக் கொண்டுபோகக் குழாய் இல்லாத இடங்களில். ஈராக்கில் வேலை செய்தவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கோ.