ஞாயிற்றுக்கிழமைக்குள் சைக்கிள் பாதை மனு

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். நேற்றுக் காலை பள்ளிக்குப் புறப்பட்ட நம் பேரன், பின்னால் வந்த செம்பனைக் குலை லோரிக்கு ஒதுங்கியபோது சாலையோரச் சரளையில் சறுக்கி விழுந்ததை அறிவீர்கள். ஞாயிறு மாலை கோயில் மண்டபத்துக்குச் சட்டமன்ற உறுப்பினர் வருகிறார். அதற்குள் சைக்கிள் பாதை கேட்டு மனு ஆயத்தமாக வேண்டும்.

சித்தி: பிள்ளை எப்படி இருக்கிறான்?

அண்ணி: முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான், சித்தி. முன்சக்கரம் வளைந்துவிட்டது.

சின்ன மாமா: போன முறையும் மனு கொடுத்தோமே.

பெரியப்பா: அதை எழுதியவர் நீங்கள்தான், மாப்பிள்ளை. நம் ஊர் சுங்கை சிப்புட்டைக் கடக்கும் முதலாம் எண் சாலை கூட்டரசுச் சாலை என்பதால் ஜே.கே.ஆர். எனும் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருக்கிறது, தாமான் குடியிருப்புத் தெருக்களைக் கோலகங்சார் நகராண்மைக் கழகம் பார்க்கிறது, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து வரும் செம்மண் பாதையோ தோட்ட நிறுவனத்தின் சொந்த நிலம். மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். ஆகவே இம்முறை மூன்று கடிதங்கள்.

அத்தை: சைக்கிளே வேண்டாம் என்பேன். 2017இல் ஜொகூர் பாருவில் எட்டுப் பிள்ளைகள் இறந்தது மறந்துவிட்டதா?

பெரியப்பா: மறக்கவில்லை, தங்கச்சி. அவர்கள் மாற்றியமைத்த சைக்கிள்களில் விடியற்காலை மூன்று மணியளவில் சாலையில் இருந்தவர்கள். நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறவர்கள். இருட்டு மட்டும் இரண்டுக்கும் பொதுதான். 1982இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து ஏழு மணிக்கும் இங்கே சரியாக விடிவதில்லை. பாதையோடு விளக்கையும் கேட்போம்.

சித்தி: எங்கள் அப்பா அதைவிட இருட்டில் பால்மரம் சீவச் சைக்கிளில் போனவர். அந்தச் சைக்கிள் இப்பொழுது யார் வீட்டில் இருக்கிறது என்று நான் கேட்க மாட்டேன்.

சின்ன மாமா: கேட்டுவிட்டீர்கள், அக்கா.

தம்பி: பெரியப்பா, வெறும் வெள்ளைக் கோடு கேட்க வேண்டாம், அதன்மேல் கார்களை நிறுத்திவிடுவார்கள். கல்கட்டு வைத்துப் பிரித்த பாதை வேண்டும். ஜே.கே.ஆர். 1986இலேயே சைக்கிள் பாதை அமைப்பதற்கு 10/86 என்ற எண்ணில் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. கடிதத்தில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள்.

சின்ன மாமா: காரை நிறுத்துபவர் பெயரையும் குறிப்பிடலாமா?

அத்தை: எங்கள் காரையா சொல்கிறீர்கள்? வீட்டில் இடமில்லாததால்தான் அது வெளியே நிற்கிறது.

அண்ணி: பள்ளி வாசலில் உள்ள கால்வாய் மூடியையும் எழுதுங்கள். கம்பிகள் நீளவாக்கில் இருப்பதால் சின்னச் சக்கரங்கள் உள்ளே இறங்கிவிடுகின்றன. மூடியைக் குறுக்காகத் திருப்பிப் போட்டாலே போதும்.

பெரியப்பா: நன்று, மருமகளே. பாதைக்கு எத்தனை ஆண்டுகள் ஆனாலும், இந்த மூடியை ஒரே நாளில் மாற்றலாம். அதையே முதல் கோரிக்கையாக வைப்போம்.

சித்தி: மலாய் மொழியில் யார் எழுதுவது?

தம்பி: நான் எழுதுகிறேன். ஆனால், சனிக்கிழமை இரவுதான் ஈப்போவிலிருந்து வருவேன்.

சின்ன மாமா: கையெழுத்து வாங்க யார் போவது?

அத்தை: காரைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் நான் கையெழுத்திட மாட்டேன்.

பெரியப்பா: பொதுவாகத்தான் எழுதுவோம். தமிழ் வரைவை இன்றிரவு இங்கே அனுப்புகிறேன்.

சித்தி: சுருக்கமாக அனுப்புங்கள், அத்தான்.